பலூன் மேலே போச்சு... அப்புறம்?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் எட்டாம் வகுப்பு இயற்பியல் வேறு வரும். ஓடிடாதீங்க மக்கா.

காஸ் பலூனை வானத்தில் விட்டால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். சின்னதாகி, புள்ளியாகி, கண்ணை இடுக்கினாலும் தெரியாமல் போனதும் கை தட்டிவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவோம். எங்கே போச்சு என்று குழந்தை கேட்டால் "மேலே போயிடுச்சு" என்போம். மேலே என்பது ஒரு ஊர் மாதிரி, அங்கே போனால் திரும்பி வரவே தேவையில்லை என்கிற மாதிரி.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் குடியிருப்பு. குடியரசு தினத்துக்கு மூவர்ணத்தில் 500 பலூன் பறக்கவிடுவதாக சங்கத்தில் திட்டம். "வேணாமே சார், எல்லாம் எங்கயாவது கீழதானே விழும்" என்று செயலாளரிடம் சொன்னேன். நல்ல மனுஷர், தண்ணி லாரி விஷயத்தில் எங்களையெல்லாம் காப்பாத்தியவர். "தம்பி, அது லேட்டக்ஸ். ரப்பர் மரத்துப் பாலு. எட்டு கிலோமீட்டர் மேல போனா தூள்தூளாயிடும். அப்படியே விழுந்தாலும் இலை மாதிரி மக்கிடும். நெட்டுல போட்டிருக்கான் பாருங்க" என்றார். பார்த்தேன். போட்டிருக்கான்தான். யார் போட்டிருக்கான் என்பதில்தான் விஷயமே இருக்கு. அவர் சொன்ன இரண்டையும், அதாவது தூளாயிடும், மக்கிடும், பிரிச்சுப் பார்த்துடலாம்.

முதலில் இயற்பியல். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். ஒரு லிட்டர் ஹீலியம் கால் கிராம்கூட இல்லை. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கிராம். ஆக, லிட்டருக்கு ஒரு கிராம் தூக்கும் என்று வெச்சுக்கலாம். கடையில் விற்கிற 11 அங்குல பலூனில் 14 லிட்டர் பிடிக்கும். ரப்பர் 3 கிராம், கட்டின ரிப்பன் ஒரு கிராம். மிச்சம் 10 கிராம் தூக்குவிசையோட அது கிளம்புது. வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஏறும். கணக்கு போட்டால் 8 கிலோமீட்டர் உயரம் போக ஒரு மணி நேரம் சொச்சம். அந்த ஒரு மணி நேரமும் அது நேரா மேலேயே போறதில்லை, காத்தோட போயிட்டிருக்கு. மேல்காற்று நல்லா அடித்தால் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போவதெல்லாம் சாதாரணம். விட்டவன் ஊர் ஒன்று, விழுகிற ஊர் வேறு. விட்டவன் யாருமே விழுந்ததைப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையுது. ஐந்தரை கிலோமீட்டரில் பாதி. 8 கிலோமீட்டரில் மூணில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம். வெளியே அமுக்குற கை தளர, உள்ளே இருக்கிற வாயு விரியுது. ஆனால் குளிர் அதைக் கொஞ்சம் சுருக்கவும் செய்யுது. ரெண்டையும் சேர்த்தால் 8 கிலோமீட்டரில் கொள்ளளவு 2.3 மடங்கு. இரண்டே கால் மடங்கா என்று பயப்படாதீங்க, குறுக்களவில் பார்த்தால் 11 அங்குலம் 14, 15 அங்குலம் ஆகும், அவ்வளவுதான். வாய் வரைக்கும் முறுக்கி ஊதின பலூன் அங்கே வெடிக்கும். சரி. பிசுக்குப் பிசுக்குனு முக்கால்வாசி ஊதினது? அதுக்கு விரிய இடம் இருக்கு. வெடிக்காமலே மிதக்கும். லேட்டக்ஸின் நுண்துளை வழியா ஹீலியம் கசிஞ்சு, ஒரு நாளில் சோர்ந்துபோய், முழுசா, ரிப்பனோட இறங்கும். வீட்டில் கட்டின பலூன் மறுநாள் காலையில் தரையில் உட்கார்ந்திருக்குமே, அதே கதைதான் வானத்திலும்.

"மேலே மைனஸ் 40 டிகிரி, ரப்பர் உறைஞ்சு கண்ணாடி மாதிரி நொறுங்கிடும்" என்றும் சொல்வாங்க. மைனஸ் 40 பக்கம் என்பது குளிர்நாட்டு வானம். நம்ம வெப்ப மண்டலத்தில் அதே 8 கிலோமீட்டரில் மைனஸ் 20 பக்கம்தான் இருக்கும். குளிரில் ரப்பர் விறைக்கும் என்பது சரி. எல்லாப் பலூனும் ஒரே மாதிரி நொறுங்கும் என்பது நம்பிக்கை.

இந்த எட்டு கிலோமீட்டர் கதை எங்கிருந்து வந்தது? 1989-ல் அமெரிக்காவில் பலூன் அலங்காரத் தொழில் செய்பவர்களின் சங்கத்துக்காகச் செய்த ஒரு ஆய்விலிருந்து. அதிலேயே என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? பெரும்பாலான பலூன் உயரத்தில் கிழிஞ்சு நாடா நாடாவா விழும், 5 முதல் 10 சதவீதம் முழுசாவே இறங்கும். விற்கிறவங்க கணக்கே இது. எங்கள் 500-க்கு 25 முதல் 50 பலூன் முழுசா யாரோ ஒருத்தர் வயலிலோ, குளத்திலோ, கடலிலோ. மிச்சம் 450? அது காணாமல் போகலை. கிழிஞ்ச ரப்பரா அதுவும் கீழேதான் வருது. வெடிக்கிறதுனா மறையறதுன்னு நாம நினைச்சுக்கறோம்.

2001-ல் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு பத்து வயசுப் பொண்ணு தன் பேரும் விலாசமும் எழுதி விட்ட பலூன், சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி வில்ட்ஷயரில் ஒரு வேலியில் வந்து மாட்டியது. அது போய்ச் சேர்ந்தது அதே பேரும் ஏறக்குறைய அதே வயசும் உள்ள இன்னொரு பொண்ணு கைக்கு. தற்செயலின் அழகுக்கு உதாரணமா இதை உலகமே இன்னமும் சொல்லிட்டிருக்கு. எனக்கும் பிடிச்ச கதைதான். ஆனா எனக்கு அதில் தெரிஞ்சது, எழுத்து படிக்கிற நிலைமையில் ஒரு பலூன் வேலியில் கிடந்தது என்பது. :-)

நிற்க. இந்த விஷயத்தில் ஒரே ஒரு ஊரைப் பத்திச் சொல்லணும்னா நான் கிளீவ்லாந்தைத்தான் சொல்வேன்.

1986 செப்டம்பர் 27, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கிற தொழில் நகரம் கிளீவ்லாந்து. அந்த ஊருக்கு அப்போ கெட்ட பேரு. ஆலைகள் மூடியாச்சு, நகராட்சி கடனில் திவாலானது 1978-ல், ஆத்துல மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடிச்சது 1969-ல். பேரை மாத்தணும்னு யுனைட்டட் வே என்கிற தர்ம அமைப்பு ஒரு விழா வெச்சது, நன்கொடை திரட்டவும் சேர்த்து. முந்தின வருஷம் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்டின் 30-ஆம் ஆண்டு விழாவில் பண்ணின பலூன் சாதனையை முறியடிக்கணும். ஊர் நடுவில், ஒரு தெருவே அடங்குற மாதிரி 250 அடிக்கு 150 அடியில் மூணு மாடி உயரத்துக்குச் சாரம் கட்டி, மேலே ஒரே வலை. ஆயிரக்கணக்கான மாணவர்கள் உட்கார்ந்து ஊதிக் கட்டினாங்க. 20 லட்சம் இலக்கு. 14 லட்சத்துச் சொச்சத்தில் நிறுத்தினாங்க, ஏன்னா மழை வந்துட்டிருந்தது. மழைக்கு முந்திடணும்னு மதியம் ரெண்டு மணி வாக்கில் வலையை அவிழ்த்துட்டாங்க.

படங்களைப் பார்த்தால் மூச்சு நின்னுடும். கட்டடத்தைச் சுத்தி தேனீக் கூட்டம் மாதிரி வண்ண வண்ணமா எழும்பும். நிஜமாவே அழகு, அதை மறுக்கிறதுக்கில்லை. ஆனா குளிர் காத்தும் மழையும் அந்தக் கூட்டத்தை மேலே போக விடலை. எட்டு கிலோமீட்டர் எல்லாம் இல்லை, ஊதின கோலத்திலேயே கீழே தள்ளிடுச்சு. பர்க் லேக்ஃப்ரன்ட் விமான நிலையத்தில் ஓடுபாதையை மூட வேண்டியதாச்சு. ரோட்டில் வண்டிகள் மோதிக்கிட்டன. பக்கத்து மெடினா மாவட்டத்தில் பண்ணையில் மேய்ஞ்ச உயர்சாதிக் குதிரைகள் மிரண்டு காயம்பட்டு, உரிமையாளர் வழக்கு போட்டாங்க. ஏரியே பலூனா மிதந்தது. அக்கரை கனடா. அங்கேயும் நாள் கணக்கா கரை ஒதுங்கியது.

இதெல்லாம்கூட குப்பை என்று விட்டுடலாம். முந்தின நாள் ஏரிக்குப் போன ரெண்டு மீனவர்கள் திரும்பி வரலைன்னு அவங்க வீட்டில் சொல்லி, கடலோரக் காவல்படை தேட ஆரம்பிச்சிருந்தாங்க. ஹெலிகாப்டரிலிருந்து தண்ணியில் எதைத் தேடுவாங்க? ஒரு தலை. ஒரு ஆரஞ்சு மிதவைச் சட்டை. அந்தத் தண்ணி முழுக்க தலை அளவுக்கு, ஆரஞ்சும் சிவப்பும் மஞ்சளுமா பலூன். ஹெலிகாப்டர் பறக்கவே பலூன் கூட்டம் இடைஞ்சல். தேடுதலை நிறுத்தினாங்க. ரெண்டு பேர் உடலும் பிறகு கரை ஒதுங்கியது. பலூனால்தான் செத்தாங்கன்னு சொல்ல முடியாது, ஏரி அன்னைக்குக் கொந்தளிப்பாத்தான் இருந்தது. ஆனா பலூன் இல்லாம இருந்திருந்தா தேடியிருக்கலாம். ஒருத்தரோட மனைவி வழக்குத் தொடுத்து, அது கோர்ட்டுக்கு வெளியே சமரசத்தில் முடிஞ்சது. சாதனை கின்னஸில் ஏறியது: 14,29,643. நன்கொடை திரட்டக் கிளம்பின விழா நஷ்டத்தில் முடிஞ்சது.

கிளீவ்லாந்து அரிதான கேஸ், பத்து லட்சத்தைத் தாண்டின விவகாரம், 500 பலூனுக்கு ஏன்யா இவ்வளவு பயம் என்று கேட்பீங்க. கேக்கணும். என் பதில்: அங்கே நடந்ததில் புதுசு எதுவுமே இல்லை. தினமும் சிதறி விழுறது அன்னைக்கு ஒரே இடத்தில், எல்லார் கண்ணெதிரே விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ ரெண்டாவது: "ரப்பர் பால், மக்கிடும்."

குமரி மாவட்டத்து நண்பர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மரத்திலிருந்து வெட்டின பால் கொஞ்ச நேரத்தில் உறையும், விட்டால் நாத்தம் எடுக்கும். அதாவது அது மக்கத் தயாரான பொருள்தான். பலூனாகணும்னா முதல்ல உறையாம இருக்க அமோனியா, அப்புறம் கந்தகம், அதை வேகமா வேலை செய்ய வைக்க ரசாயனம், சாயம், அப்புறம் சூடு. கந்தகம் சேர்த்துச் சுடுவதே ரப்பர் கெடாம, இழுத்தா திரும்ப வர்ற மாதிரி உழைக்கணும்னுதான். உழைக்கணும்னு செஞ்ச பொருளைத் தூக்கிப் போடும்போது மட்டும் "அது இயற்கைப் பால்தானே" என்பது என்ன நியாயம்?

பிள்ளையார் சதுர்த்திக்கு நாம இதே பாடத்தைப் படிச்சோம். களிமண் பிள்ளையாரைக் குளத்தில் விட்டா கரைவார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் மூக்கும் தும்பிக்கையுமா கரையில் கிடப்பார். ரெண்டுமே மண்ணுலேர்ந்து வந்ததுதானே என்று யாராவது வாதாடினா ஒத்துக்குவோமா?

ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லேட்டக்ஸ் பலூன்களை நல்ல தண்ணி, கடல் தண்ணி, தொழில்முறை உரக்குழி என்று மூணு இடத்தில் 16 வாரம் போட்டு வெச்சுப் பார்த்தாங்க. 2021-ல் கட்டுரை வந்தது. உரக்குழியில் கூட மக்கி முடியலை. நாலு மாசம் கழிச்சும் பலூன் பலூனாத்தான் இருந்தது. என்னிக்காவது மக்கும், அதில் சண்டை இல்லை. அந்த என்னிக்காவதுக்கு முன்னாடி அதை யார் பார்க்கிறாங்க, யார் வாயில் போடுறாங்க என்பதுதான் கேள்வி.

அதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு. 2019-ல் அதே பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டது. செத்துப்போன 1,733 கடற்பறவைகள், 51 இனம். வயித்தை அறுத்துப் பார்த்திருக்காங்க. மூணில் ஒண்ணு குப்பையைத் தின்னிருந்தது. கடின பிளாஸ்டிக் துண்டு பல சமயம் குடல் வழியா வெளியே போயிடுது. ரப்பர் போறதில்லை, மடிஞ்சு போய் அடைச்சுக்குது. பலூன் துண்டைத் தின்ன பறவை சாகிற வாய்ப்பு, கடின பிளாஸ்டிக் தின்ன பறவையை விட 32 மடங்கு. பலூனைத் தின்னதில் கிட்டத்தட்ட அஞ்சுக்கு ஒண்ணு பலூனாலேயே செத்திருக்கு. இதை முதல்முறை படிச்சப்ப மறுபடி ஒருமுறை எண்ணைச் சரி பார்த்தேன். நாம கடின பிளாஸ்டிக்கைத்தான் வில்லனா வெச்சிருக்கோம், மெத்து மெத்துன்னு இருக்கிற பலூனைக் குழந்தை சாமானா நினைக்கிறோம்.

கடலாமைகளுக்குச் சொறிமீன் பிடிச்ச சாப்பாடு. தண்ணியில் சுருங்கி மிதக்கிற பலூன், பின்னாடி இழுபடுற ரிப்பன், எதைப் போல இருக்கும்னு நானே சொல்லணுமா? சென்னைக் கரையில் ஒவ்வொரு வருஷமும் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ராத்திரி ராத்திரியா நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிற பசங்க 1988-லிருந்து இருக்காங்க. நியாயமா ஒண்ணைச் சொல்லிடணும்: இந்தக் கரையில் ஆமைகளைக் கூட்டமா கொல்றது விசைப்படகு வலை, பலூன் இல்லை. அதுக்காக, குடியரசு தினம் சரியா ஆமை வர்ற சீசனில் வருது என்பதை மறக்க வேண்டியதில்லை.

பளபளன்னு வெள்ளி மாதிரி வருமே, ஃபாயில் பலூன், அது இன்னும் மோசம். மக்கும் என்று விற்கிறவங்ககூடச் சொல்றதில்லை. ஹீலியம் அதில் லேசில் கசியாது, நாள் கணக்கா மிதக்கும். மேலே உலோகப் பூச்சு இருக்கறதால் மின்கம்பியில் பட்டா ஷார்ட் சர்க்யூட். கலிஃபோர்னியாவில் இதனால் மின்தடை ஏற்பட்டு ஏற்பட்டு, மின்சாரம் கடத்தாத ஃபாயில் பலூனுக்குப் படிப்படியா மாறணும்னு 2022-ல் சட்டமே போட்டாங்க.

பலூன் ஒருபக்கம் இருக்கட்டும். அதுக்குள்ள இருந்த ஹீலியம்? அதுக்கு நம்ம பக்கத்துச் சம்பந்தம் ஒண்ணு உண்டு, சொல்லாம போக மனசு வரலை. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் வந்து கருவி வெச்சுப் பார்த்தார். அந்தக் கிரகணத்தில் சூரிய விளிம்பின் ஒளியில் தெரிஞ்ச ஒரு மஞ்சள் கோட்டில்தான் இந்தத் தனிமத்தின் கதை ஆரம்பிக்குது. இங்கிலாந்தில் லாக்கியர் அது புதுத் தனிமம்னு சொல்லி, சூரியனின் கிரேக்கப் பெயரிலிருந்து பேரு வெச்சார். பூமியில் அதை ராம்சே பிரிச்சு எடுத்தது 1895-ல்தான். 27 வருஷம் சூரியனில் மட்டுமே இருப்பதா நினைச்ச சரக்கு, இப்போ பிறந்தநாள் பார்ட்டியில் வாயில் இழுத்துக் கீச்சுக்குரலில் பேசறதுக்கு.

பூமிக்கடியில் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான வருஷமா சிதைஞ்சு உண்டாகி, இயற்கை எரிவாயுவோட சிக்கிக் கிடக்கிறது இது. வெளியே விட்டுட்டா காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்கு. அதிலிருந்து திரும்பப் பிடிக்கிறது கட்டுபடியாகாது. கடைசியில் பூமியை விட்டே விண்வெளிக்குப் போயிடும். ஆக, செயலாளர் சாரோட "மேலே போயிடும்" என்பது ரப்பருக்குத் தப்பு, ஹீலியத்துக்கு மட்டும் சரி! ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ காந்தத்தைக் குளிர வைக்கிறது திரவ ஹீலியம். நோபல் பரிசு வாங்கின ராபர்ட் ரிச்சர்ட்சன் 2010-ல், ஒரு ஹீலியம் பலூனுக்கு நியாயமான விலை 100 டாலர் என்றார். பார்ட்டி பலூனுக்குப் போறது மொத்த ஹீலியத்தில் சின்னப் பங்குதான், புது எம்ஆர்ஐ சிலதுக்கு ஏழு லிட்டரே போதும் என்பதெல்லாம் உண்மை. எனவே இதை என் முக்கிய வாதமா வைக்கலை. ஆனா நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து ரசிகர்கள், தங்கள் அணி முதல் புள்ளி எடுத்ததும் சிவப்பு பலூன் விடுற பல பத்தாண்டுப் பழக்கத்தை 2022-ல் நிர்வாகமே நிறுத்தினப்போ சொன்ன காரணம் ஹீலியம் தட்டுப்பாடு, மருத்துவத் தேவை. நம்ம கோயில் திருவிழா காஸ் பலூனில் நிறைய ஹைட்ரஜன் என்பது தனிப் பதிவுக்கான சங்கதி. அது வெடிக்கும், தீப்பிடிக்கும். விழுறது மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

செத்துப்போனவங்க நினைவா பலூன் விடுறவங்க வெளிநாட்டில் நிறைய. குழந்தையை இழந்த அம்மா அப்பா அண்ணாந்து நிக்கிற படம் பார்த்தா யாருக்கும் வாய் வராது. எனக்கும் வராது. அவங்களைத் திட்டி ஒரு வரிகூட எழுத மாட்டேன். அந்தப் பலூனை அவங்களுக்கு "மக்கும்" என்று எழுதி வித்தவன் மேலதான் எனக்குக் கோபம்.

சட்டம் என்ன சொல்லுது? அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் முன்னாடி ஒரு நாளைக்கு ஒன்பது பலூன் வரை விடலாம், மக்கும் பலூன்னா விதிவிலக்கு என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் ரெண்டையும் தூக்கிட்டாங்க. வேணும்னே ஒண்ணு விட்டாலும் 150 டாலர் அபராதம். ஆறு வயசும் அதுக்குக் கீழேயும் இருக்கிற குழந்தைக்கு மட்டும் கிடையாது. ரொம்பச் சரி. கையிலிருந்து நழுவ விட்டுட்டு அழற குழந்தை இல்லை இங்கே பிரச்னை, எண்ணி ஊதி மேடை போட்டு விடுற பெரியவங்கதான்.

நம்ம நாட்டில் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை. பட்டியலை எடுத்துப் பாருங்க. காது குடையும் பட்ஸின் பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி, பலூனைச் சொருகும் பிளாஸ்டிக் குச்சி. குச்சிக்குத் தடை இருக்கு சாமி, பலூனுக்கு இல்லை. குச்சியாவது கீழே, கண்ணுக்குத் தெரிஞ்ச இடத்தில் விழும், பெருக்கி எடுத்துடலாம்.

செயலாளர் சார்கிட்ட நான் கேட்டிருப்பது ஒண்ணே ஒண்ணு. பலூன் கட்டுங்க, தோரணம் கட்டுங்க, வாசல் முழுக்க மூவர்ணமா மாட்டுங்க. வாயால் ஊதினதே போதும். சாயங்காலம் பசங்களுக்கு ஆளுக்கொரு ஊசி கொடுத்து எல்லாத்தையும் உடைக்கச் சொல்லுங்க, சத்தத்துக்குப் பறக்கவிடுறதை விட அதைத்தான் ரசிப்பாங்க. ரப்பரைப் பொறுக்கி நம்ம குப்பைத்தொட்டியிலேயே போடலாம். "யோசிக்கலாம் தம்பி" என்றிருக்கார். சங்கத்தில் "யோசிக்கலாம்" என்பதற்கு என்ன அர்த்தம்னு குடியிருப்புவாசிகளுக்குத் தெரியும்.

பி.கு: "அப்போ வானிலை பலூன்?" என்று முதல் பின்னூட்டம் வரும், தெரியும். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து தினம் ரெண்டு வேளை விடுறாங்க, நம்ம மீனம்பாக்கத்திலிருந்தும்தான். முப்பது கிலோமீட்டர் பக்கம் ஏறி வெடிச்சு அதுவும் எங்கேயோ விழத்தான் செய்யுது. குப்பைதான், இல்லைங்கலை. ஆனா அது விழறதுக்கு முன்னாடி காத்து, ஈரம், வெப்பம் எல்லாம் அளந்து அனுப்பிட்டு விழுது. புயல் எந்தப் பக்கம் வருதுன்னு கடலுக்குப் போறவங்களுக்குச் சொல்ற கணிப்பில் அந்த அளவும் சேர்த்தி. எங்க 500 பலூன் எதை அளக்கப் போகுதுன்னு யாராவது சொன்னீங்கன்னா பதிவைத் திருத்திடறேன்.